வெட்டுமா

"ரெண்டு கோடும் வெட்டுதா இல்லையா,
அதை மட்டும் சொல்லிட்டுப் போம்மா" என்றார் சடையக் கவுண்டர்.
கையில் அரிவாள். மிளகுக்கொடி கழிக்க வந்தாராம்.
எதிரே எஸ்டேட் ரைட்டர் பெனடிக்ட்.
அவருக்கும் அன்றைக்குக் கழிக்க ஏதோ கொடி இருந்தது.

இருபது கொண்டை ஊசி வளைவிலும்
மடியில் வைத்துக் கொண்டுவந்த கருவியை
மூன்று காலில் நிறுத்தினேன்.
மேகம் விலகப் பத்தரை ஆனது.
பலாமரத்தடிக் கல்லைப் பூஜ்ஜியம் என்று வைத்தேன்;
மேற்கே x, தெற்கே y.

ஒரு பத்திரத்தில் "வேங்கைக்கு வடக்கே",
இன்னொன்றில் "ஓடைக்குத் தெற்கே".
வேங்கை போய்ப் பதினாறு வருஷம்.
ஓடை, மழைக்கு மழை மனசு மாறுகிறது.
பழைய அளவுக் குறிப்பிலிருந்து நான் கறந்தது இவ்வளவுதான்:

கவுண்டர்: 3x − 4y = 0
எஸ்டேட்: 37x − 50y + 2000 = 0

கண்ணுக்கு இரண்டும் ஒரே சாய்வு.
கண்ணை நம்பியா சம்பளம் தருகிறார்கள்?
குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில்
குறுக்கே பெருக்கினேன்.
மூன்றை ஐம்பதால், நூற்றைம்பது.
நாலை முப்பத்தேழால், நூற்று நாற்பத்தெட்டு.
கழித்தால் பூஜ்ஜியம் வந்திருக்கலாம்.
வந்திருந்தால் டீ குடித்துவிட்டு இறங்கியிருப்பேன்.
வந்தது இரண்டு.

"வெட்டும்" என்றேன்.

அரிவாள் கை மாறியது.

"எங்கே?"

மேற்கே நாலாயிரம் மீட்டர், தெற்கே மூவாயிரம்.
நேராகப் போனால் ஐந்து கிலோமீட்டர்.
விரல் நீட்டிக் காட்டினேன்:
காப்பிச் செடி முடிந்து, பாறை முடிந்து,
மலை சட்டென்று இல்லாமல் போகும் இடத்துக்கும் அப்பால்.
கீழே அடிவாரம், சேலத்துத் தகரக் கூரைகளின் மினுக்கம்.
நம் மட்டத்துக்கு ஒரு பருந்து.
அங்கேதான், அதன் றெக்கைக்குப் பக்கத்தில்,
நீங்கள் இருவரும் வெட்டிக்கொள்ளலாம்.

பெனடிக்ட் சிரித்துவிட்டார்.
கவுண்டர் சிரிக்கவில்லை. "அப்ப இங்கே?"

இங்கே இரண்டுக்கும் நடுவில்
முப்பத்திரண்டு மீட்டர் அகலத்துக்கு
யார் பத்திரத்திலும் ஏறாத நிலம்.
பதினான்கு சில்வர் ஓக், அத்தனையிலும் மிளகு.
அடுத்தவன் பறிக்கிறான் அடுத்தவன் பறிக்கிறான் என்று
இரண்டு வீட்டிலும் உலை கொதித்த மிளகு.

அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
யாரும் உள்ளே கால் வைக்கவில்லை.
கொடியில் ஒரு அணில் மட்டும்
எந்தக் கோட்டையும் கேட்காமல் ஏறியது.

"இன்னொரு தடவை கழிச்சுப் பாரும்மா" என்றார் கவுண்டர்,
குரலை இறக்கி.

கழித்தேன்.
இரண்டு.