வேறு பெயர்கள்

செவ்வாய்க்கிழமை எங்களிடம்
பழைய போராளிகளின் நாள்.
காலை நாலரைக்கே யூனிட் ஏழிலிருந்து
முதல் டாக்சி வந்துவிடும்.
சாட்ஸ்வர்த் சரிவில் அந்நேரம் விளக்கு எரிவது
ரொட்டிக்கடையிலும் என் கோப்பறையிலும்தான்.

சரகுணன் படையாச்சி. எழுபத்தொன்று.
இடது இடுப்பில் வலி, வலது காதில் இரைச்சல்.
பெயரிலேயே படை இருக்கிறது,
படைப் பட்டியலில் பெயர் இல்லை.
பிரிட்டோரியாவுக்கு நான்கு முறை எழுதினேன்.
நான்கு முறையும் ஒரே வரி:
அப்படி ஒருவர் எங்களிடம் இருந்ததில்லை.

எக்ஸ்ரே அதையெல்லாம் கேட்கவில்லை.
இடுப்பெலும்பின் ஓரம் மூன்று இரும்புத் துணுக்கு,
தாளிக்கும்போது தெறித்த கடுகு மாதிரி.
டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டி
இதை எடுக்க நல்ல இடம் இருக்கிறது என்றார்,
அட்டை இருந்தால்.

அட்டை இல்லாதவருக்கு வெள்ளை மாத்திரை.
நாளைக்கு இரண்டு,
கையிருப்பு உள்ள வாரங்களில்.

பத்தாவது மாதம்,
சிஸ்டர் ஸண்டிலே ஊசி போடும்போது
வாய்தவறிச் சொன்னார்:
அங்கோலாவில் எனக்கு மலேரியா வந்தப்போ
லெவி பிழைக்கமாட்டான்னு பேசிக்கிட்டாங்க.

எந்த லெவி?

பிரிட்டோரியாவில் போனை எடுத்த பெண்
ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.
முகாம், வருடம், காயம்: இடது இடுப்பு.
முப்பத்தெட்டு வருடமாக
நோயாளி வராத கோப்பு ஒன்று
அங்கே படுத்துக் கிடந்திருக்கிறது.

சந்தோஷத்தில் ஒரு தப்புச் செய்தேன்.
ஒலிபெருக்கியை இழுத்து
லெவி, தோழர் லெவி, மூன்றாம் கவுண்டர் என்றேன்.

படையாச்சி என்று கூப்பிட்டால்
இரண்டு தடவை தோளைத் தட்டவேண்டிய மனிதர்
சட்டென்று எழுந்தார். தடி விழுந்தது.
என் பக்கம் வரவில்லை.
சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு
வெளிவாசல் எங்கே என்று பார்த்தார்.
அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்ட யாரும்
அவருக்கு நல்லது செய்ததில்லை போல.

சிஸ்டர்தான் போய்ப் பக்கத்தில் நின்றாள்.
கையைப் பிடிக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை.
தடியை மட்டும் எடுத்து
அவர் எட்டும் தூரத்தில் சாய்த்து வைத்தாள்.

படிவத்தில் ஒரு கட்டம் கூட்டுங்கள் என்றேன்.
படிவத்தை மாற்ற ஒரு படிவம் இருக்கிறதாம்,
அது தீர்ந்துபோய்விட்டதாம்.

அதனால் திங்கள் மாலை நானே
ஸ்கேல் வைத்து, பென்சிலால்,
அறுபது தாளில் கோடு போடுகிறேன்.
வேறு பெயர்கள்:
அதன் கீழே சின்ன எழுத்தில்,
இதைச் சொல்லிக் கூப்பிடமாட்டோம்.

படையாச்சிக்கு ஆகஸ்டில் தேதி கிடைத்திருக்கிறது.
கடிதம் லெவிக்கு வந்தது.

போன வாரம் உம்லாசியிலிருந்து ஒரு அம்மா,
தேவாலயத்துக்குப் போகிற உடுப்பில்.
பரீட்சையில் பிள்ளைகள் மறைப்பதுபோல்
கையால் மறைத்து மூன்று பெயர் எழுதினாள்.
ரப்பர் கேட்டாள்.
ஒன்றை அழித்தாள். ஊதினாள்.
கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
அதே இடத்தில் அதையே திரும்ப எழுதினாள்,
இந்தமுறை அழுத்தி.