திங்கட்கிழமைக்கு முன்

நாளைப் பத்தரைக்குக் கோர்ட்டில் இருக்க வேண்டும்.
அப்பீல் தள்ளுபடி. ஒன்றரை வருஷம்.
நல்லபடியாக இருந்தால் கொஞ்சம் குறையுமாம்,
வக்கீல் சொன்னார்.

விடிந்ததும் ஸ்ப்ளெண்டரைத் தெருவுக்குத் தள்ளினேன்.
ஆயில் இளக வேண்டுமே என்று
மூக்கனேரிக் கரை வரை ஒரு நடை.
வரும் வழியில் பங்கில் டேங்கை விளிம்புவரை நிரப்பினேன்,
காலி இடம் விட்டால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும்.
மலை தெரியவில்லை.
மேகம் அடிவாரம் வரை இறங்கிக் கிடந்தது.
அதுவும் நல்லதுதான்.

பழைய ஆயில் கறுப்பாக டப்பாவில் இறங்கியது.
"நிறுத்தி வைக்கப்போற வண்டிக்குப் புது ஆயில் எதுக்கு?"
ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள் இந்திராணி.
மடியில் பாதிக் கொலுசு.
அழுக்கு ஆயில் சும்மா கிடக்காது, என்றேன்.
ஓடும்போது செய்யாததை எல்லாம்
நிற்கும்போது செய்யும்.

பெட்ரோல் டேப்பை மூடி
தானாக நிற்கட்டும் என்று ஓடவிட்டேன்.
கடைசிச் சொட்டையும் குடித்து
இரண்டு முறை விக்கி
நின்றது.
ப்ளக்கைக் கழற்றி, துளைக்குள் ஒரு மூடி ஆயில்.
கிக்கரை உதைக்கவில்லை,
உள்ளங்கையால் மெல்ல அமுக்கினேன்.
உள்ளே பிஸ்டன் ஈரமாக மூச்சு விட்டது.

க்ளட்ச்சை இழுத்துப் பிடித்து
சைக்கிள் டியூப்பால் கைப்பிடியோடு கட்டினேன்,
தகடுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க.
பிறகு பிரேக்.
கட்டைகள் டிரம்மில் பிடித்துக்கொள்ளக் கூடாது,
கொஞ்சம் தளர்த்த வேண்டும்.
நட்டு இரண்டு சுற்றுத் திரும்பியதும்
கை நின்றுவிட்டது.

அன்றைக்கும் பெடல்
ஒரு விரல்கடை ஆழமாகத்தான் போனது.
மினி லாரியில் காபி மூட்டை நாற்பது.
கீழே போய்ப் பார்த்துக்கலாம் என்றார் முதலாளி.
நானும் சொன்னேன்,
பார்த்துக்கலாம்.
பதினோராவது வளைவில்
தலையில் பலாப்பழத்தோடு
ஓரமாகத்தான் நடந்தான் வெள்ளையன்.
பெயரைப் பிறகுதான் படித்தேன்,
குற்றப்பத்திரிகையில்.

இந்த வண்டி யாரையும் இடித்ததில்லை.
சொல்லிக்கொண்டேதான்
நட்டை மூன்றாம் சுற்றுச் சுற்றினேன்.

எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை, அதற்கு மேல் ஒரு செங்கல்.
முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது.
பேட்டரி பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தாவூதிடம்,
மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றிக்கொள்வார்.
சைலன்சர் வாயில் துணிப்பந்து, எலிக்காக.
சீட்டுக்கு அடியில் நாலு அந்துருண்டை.
மூடுவதற்கு பிளாஸ்டிக் ஆகாது, வேர்க்கும்.
நாளைக்குக் கட்டத் துவைத்து வைத்திருந்த வேட்டியை
எடுத்துப் போர்த்தினேன்.
கோர்ட்டுக்கு பேண்ட் போதும்.

"மாசம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி
அஞ்சு நிமிஷம் விடச் சொல்லட்டுமா பையனை?"

வேண்டாம்.
அஞ்சு நிமிஷத்தில் எஞ்சின் சூடேறாது.
சைலன்சரில் தண்ணீர் கட்டும்,
ஆவியாகிப் போக அவகாசம் இருக்காது,
உள்ளேயே தங்கி அரிக்கும்.
எடுத்தால் ஓமலூர் வரைக்கும் எடுக்க வேண்டும்.
இல்லையென்றால் தொடவே கூடாது.

கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
"மனுப் பார்க்க எவ்வளவு நேரம் விடுவாங்க?"

இருபது நிமிஷமாம்.
நடுவில் கம்பி வலை.

ஊதுகுழலை எடுத்தாள்.
ஒரு வளையத்தைத் தீயில் காட்டி, ஊதி,
பொடி உருகி ஓடுவதைப் பார்த்து,
அடுத்ததை இடுக்கியில் பிடித்தாள்.
"வண்டிக்கு அது சரி" என்றாள்.
"நான் வாராவாரம் வருவேன்."

கையை மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவினேன்.
பெட்ரோல் வாசம் போகவில்லை.
நடுராத்திரி, இழுத்துக் கட்டிய டியூப்
இருட்டில் எங்கோ முறுகுவது கேட்டது.
எழுந்து போய், வேட்டிக்குள் கைவிட்டுத் தடவினேன்.
முடிச்சு
இருந்தது.