அளவு

லியோனில் என் அளவு இது:
ஒரு கேக்குக்குப் பதினாலு ஏலக்காய்,
சுக்குப்பொடி மூன்று கரண்டி.
அங்கே கண்ணாடிக் குப்பியில் வருவது
கப்பல் ஏறும்போதே பாதி செத்திருக்கும்.

காரைக்காலில் அதே பதினாலை
இடித்துப் போட்டேன்.
அவனுக்குள் வைத்துக் கால்மணி ஆகவில்லை,
தெருவில் போன மீன்காரர் தைரியநாதன்
சைக்கிளை நிறுத்தி,
"யாருக்குப் பிள்ளை பொறந்திருக்கு?" என்றார்.

நடுவில், அரசலாற்றுப் பக்கம் காற்றடித்து
கரண்ட் போய்
கேக் குழிந்தது வேறு.

லேகியம், என்றாள் நாத்தனார் பிலோமின்.
லேகியமேதான்.
ஒன்பது வருஷம்
போதாது போதாதென்று
ஏற்றிக்கொண்டே போன கை.

மாடிவீட்டு ஜெசிந்தா,
பதினெட்டு நாள் பிள்ளையைத்
தோளில் போட்டபடி இறங்கி வந்து
கேட்டாள் இன்னொரு துண்டு,
குழிந்த பக்கமாக.