முப்பத்தொரு மாதம்

மிஸ் ஊய் என் இபிஎஃப் தாளைப் புரட்டினார்.
முப்பத்தொரு மாதம் வெறும் சுழியம்.
"இவ்வளவு நாள் என்ன செய்தாய், யசோதரை?"
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
ஏர்கோன் பல்லுக்குள் இறங்கியது.

வீட்டில் இருந்தேன் என்றேன்.
பொய்யில்லை.

கெலுகோர் பிளாட்டின் பின்னறை.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டி
மைக்கில் இரைச்சல் விழும் என்று விசிறியை நிறுத்தி
கழுத்து வழிய வழிய
பனிமலை நரியாய் இருந்தேன்.
அதன் பெயரை இங்கேயும் எழுதக்கூடாது.
ஒப்பந்தம், பதினான்காம் பிரிவு:
பெயர் அவர்களுடையது, முகம் அவர்களுடையது,
நான் சிரிக்கிற விதம்கூட
(அதற்குத் தனியே ஓர் இணைப்பு).

எங்கோ இரவு எட்டு மணி,
எனக்கு விடிகாலை நான்கு.
அம்மா சுவரைத் தட்டுவாள், யாரோடு பேசுகிறாய்?
ஆறாயிரம் பேரோடு என்று எப்படிச் சொல்ல.

காய்ச்சலின் மூன்றாம் நாள் ஒருமுறை அழுதேன்.
கேமரா என் முகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து
நரியைச் சிரிக்க வைத்தது.
கண்ணீர் தனி வரைபடமாம்.
அதற்கு நான்தான் காசு கட்டியிருக்க வேண்டும்.

விளையாட்டில் பள்ளத்தில் விழுந்த அன்று
வாய் தவறி ஐயோ என்றேன்.
நரிக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல்.
அரட்டை பற்றிக்கொண்டது. அடுத்த மாதமே
சட்டையில் அச்சடித்து விற்றார்கள்,
எழுபத்தொன்பது ரிங்கிட்.
எனக்கு ஒன்று இலவசம். அளவு சரியில்லை.

விலகியபோது
பட்டமளிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.
அங்கி இல்லை. சான்றிதழ் இல்லை.
நரி கையசைத்தது, திரை இருண்டது,
எழுந்து போய் விசிறியைப் போட்டேன்.

மிஸ் ஊய் ஏதோ குறித்துக்கொண்டார்.
"இரவு வேலை பழக்கமா?"
"பழக்கம்."
"சொக்சோ, இபிஎஃப் எல்லாம் உண்டு. ஒன்றாம் தேதி வா."

பேருந்தில் நிற்கவும் இடமில்லை.
பதினாறு வயதிருக்கும், தூடோங் அணிந்தவள்,
பிரேக் அடித்ததில் என் காலை மிதித்தாள்.
கறுப்புச் சட்டையில் வெள்ளையாய் என் சொல்,
ரோமன் எழுத்தில், கடைசி எழுத்துக்கு ஒரு வால்.

ஐயோ என்றேன்.
இந்த முறை நிஜமாகவே வலித்தது.

சாரி, கக் என்றாள்.
ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள்,
எதையோ தேடுவதுபோல.
பிறகு காதுக்கருவியை அழுத்திக்கொண்டு
ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.