எடை எழுதுகிறவள்

அப்பியாவிலிருந்து பாங்கோ பாங்கோ
எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள்.
நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்.
எவ்வளவு நேரம்?
முப்பத்தைந்து நிமிடம். எதிர்காற்று என்றால் நாற்பது.
எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?
நேற்று, இதே மணிக்கு.

சிரிக்க வைக்கச் சொல்வதில்லை.
இரண்டு தீவுக்கும் நடுவே கடலில் ஒரு கோடு.
தேதி அதில் தடுக்கி விழுகிறது.
ஆளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

விமானம் சின்னது, பத்தொன்பது இருக்கை.
அதனால் பெட்டியை நிறுத்த பிறகு
ஆளையும் நிறுப்போம்.
ஏறுங்கள். செருப்போடு பரவாயில்லை.
பையைத் தோளிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.
முள் நிற்கும்வரை பேசாதீர்கள்.

டீக்கன் ஃபலனிகோ, நூற்றுப் பதினெட்டு.
மூச்சை இழுத்துப் பிடித்தால் குறையும் என்பது அவர் விசுவாசம்.
ஞாயிறு ஆராதனை முடித்து ஏறுவார்,
இறங்கினால் அங்கே சனிக்கிழமை.
மறுநாள் அதே பிரசங்கம்.
காணிக்கைத் தட்டு மட்டும் வேறு.

அகனேசே, மீன் டப்பா ஆலைக்காரி.
மார்ச்சில் போனபோது அறுபத்து மூன்று.
ஆகஸ்டில் வந்தபோது எழுபத்தாறு.
வாழ்த்துச் சொன்னேன், பதில் சொல்லவில்லை.
ஜனவரியில் தனியாக ஏறி நின்றாள்.
அறுபத்தொன்று.
அக்கா பார்த்துக்கொள்வாள் என்றாள்
நான் கேட்காமலே.
கழித்துப் பார்த்தேன், மனதுக்குள்.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

அதே பதிவேட்டில், இரண்டு வருடப் பக்கங்களுக்கு முன்னால்,
பெனிதாலா, எண்பத்து மூன்று.
என் கையெழுத்துத்தான்.
கணவர்களையும் நிறுத்தே அனுப்ப வேண்டும்.

தொலைபேசியில் நான் புதன்கிழமை சண்டை போட்டால்
இங்கே இன்னும் செவ்வாய் என்பான்,
நீ கோபப்படுகிற விஷயம்
இன்னும் நடக்கவே இல்லை என்பான்.
என் பிறந்தநாளுக்கு ஒரு நாள் பிந்தி அழைப்பான்,
அவன் நாட்காட்டிப்படி சரியாக.
நாளைக்கு வருகிறேன் என்று ஒருமுறை சொன்னான்.
அவனுடைய நாளை
அப்போதே என் ஜன்னலில்
பாதி முடிந்துவிட்டிருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள்
ஓர் இருக்கை காலி.
வருகிறாயா என்றார் விமானி, கையை உதறிக்கொண்டே.
ஊழியர் சீட்டு இழுப்பறையில் கிடந்தது,
மூன்று மாதம் மீதி.

தராசில் ஏறினேன்.
முள்ளைப் படிக்க வேறு யாரும் இல்லை,
குனிந்து நானே படித்தேன். குனிந்ததில் அது ஆடியது.
ஐம்பத்தொன்பது. சீருடையோடு.
எழுதினேன், பெயருக்கு நேராக.
தாளைக் கிழித்து விமானியிடம் கொடுத்தேன்.

அப்போது மேசையில் தொலைபேசி அடித்தது.
எடுத்திருக்கக் கூடாது.
ஒரு கிழவர் குரல், சவாய் தீவிலிருந்து:
பாங்கோவுக்கு எவ்வளவு நேரம், அம்மா?
சொன்னேன்.
எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?
அதையும் சொன்னேன்.
அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன்.
இறந்துபோன தம்பியை
அடக்கத்துக்கு முன் பார்க்க முடியுமா என்றார்.
கிழமையை விரல்விட்டு எண்ணி
முடியும் என்றேன்.

திரும்பிப் பார்த்தபோது ஓடுதளத்தில் தண்ணீர் மட்டும்
சக்கரத் தடத்தில் மூடிக்கொண்டிருந்தது.

என் பெயரை யாரும் அடிக்கவில்லை.
அன்று அந்த விமானம்
தாளில் இருந்ததைவிட ஐம்பத்தொன்பது கிலோ இலேசாகப் பறந்து
நேற்று போய் இறங்கியது.