பட்டி பார்த்தல்

முதல் கோட்டு அழகுக்கில்லை,
உதிர்வதைப் பிடித்துவைக்க.
இதை எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.
இருபத்தோரு வருசமாகப்
புதுப்பாளையத்துச் சுவர்களுக்குப் பட்டி பார்க்கிறேன்.
ஆனால் வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும்
வெள்ளை சிமெண்ட் மாதிரி
சொன்ன பேச்சு கேட்பதில்லை.

கேஸ்கட் கழற்றிய குக்கரில்
உப்பு பரப்பி வேகவைத்த கேக்
நடுவில் புடைத்து ஓரம் சரிந்து
சில்வர் பீச் மணல்மேடாக உட்கார்ந்திருந்தது.
மட்டம் பிடிக்கும் நூலையே எடுத்து
(கழுவித்தான், தில்லை, கோபப்படாதே)
இரு கையாலும் இழுத்துப் பிடித்துக்
குறுக்கே அறுத்தேன்.
வெட்டியெடுத்த குல்லாவை
நின்றபடியே தின்றேன்.
வெந்திருந்தது.

சூட்டோடு பூசினால் வழியும்.
அவசரப்பட்ட எத்தனை வீட்டுக்காரர்களிடம்
'ஈரம் காயட்டும் சார்' என்றிருக்கிறேன்!
நான் கேட்கவில்லை.
முதல் பூச்சு தட்டில் குளமானது.
வழித்தேன்.
கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்து
ஃபிரிட்ஜில் மீன் டப்பாவைக் கீழே தள்ளி
கேக்குக்கு ஓர் அறை ஒதுக்கினேன்.

ஏழு மணிக்கு உன் போன்:
'வடலூர்ல நிக்குறோம். டயரு.'
பரவாயில்லை, வா, என்றேன்.
உள்ளுக்குள் ஒரு சந்தோசம்,
இரண்டாம் கோட்டுக்கு நேரம் கிடைத்தது.

கவிழ்த்த குண்டான்மேல் எவர்சில்வர் தட்டு.
பிரிக்காத புதுத் தகடு ஒன்று பையில் இருந்தது.
வெந்நீரில் முக்கித் துடைத்து
பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடித்தால்
கை அசையக்கூடாது,
தட்டுதான் சுற்றவேண்டும்.
இதுதான் எனக்குப் பிடிபடவேயில்லை.
சுவர் நிற்கும், நான் நகர்வேன்;
அதுதான் என் தொழில்.
நின்ற இடத்தில் நின்றுகொண்டு
சுற்றுவதைப் பார்த்திருப்பது
ஆறு வருசமாக வீட்டில் மட்டும் செய்த வேலை.
நாலரைக்கு எழுப்பிவிட்டு,
திட்டக்குடி வண்டி கிளம்பியதும்
மறுபடி படுத்துத் தூங்காமல் கிடந்த வேலை.

வழவழப்பு வராத இடத்தில்
முள்கரண்டியால் கோடு இழுத்துவிட்டேன்.
வேண்டுமென்றே செய்ததுபோல் ஆகிவிட்டது.
தட்டும் கேக்கும் சேரும் இடத்தில் சந்து தெரிந்தது.
சுற்றிலும் பொட்டுப் பொட்டாக வைத்து மூடினேன்,
ஸ்கர்ட்டிங் ஓட்டுகிற மாதிரி.

பால் கவரைக் கழுவிக் காயவைத்து
முனையை மிளகளவு வெட்டினால் போதும்.
நான் சுண்டைக்காய் அளவு வெட்டினேன்.
'கடலூர்' என்று எழுதப் போய்
'கட' என்பதோடு கேக் முடிந்துவிட்டது.
கட.
எட்டி நின்று பார்த்தேன்.
உனக்கு எழுதியதா எனக்கு எழுதியதா தெரியவில்லை,
கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தேன்.
பிறகு சுரண்டி எடுத்து,
இன்னொரு கவரில் மிளகளவு வெட்டி,
பல்குச்சியால் முதலில் கீறிப் பார்த்து,
மூச்சைப் பிடித்து, லூவின் சுழியைக் கூடக் கடந்துவிட்டேன்.
ர் மட்டும் விளிம்பு தாண்டிப்
பக்கச் சுவரில் இறங்கியது.
அதன் தலையில் புள்ளிக்கு
ஒரு சிவப்பு ஜெம்ஸ்.

ஒன்பதே முக்காலுக்கு வந்தாய்,
மாற்றல் ஆணை ஒரு கையில்,
தாலுகா ஆபீஸ் கொடுத்தனுப்பிய
சுவர்க்கடிகாரம் மறு கையில்.
கடல்காற்றுக்குப் பொட்டுகள் வியர்த்திருந்தன.
குனிந்து பார்த்தாய்.
'ர் எங்க?'
தட்டைச் சுற்றிக் காட்டினேன்.
சிரிக்காமல், பை இறக்காமல்,
புள்ளியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாய்.
அப்புறம் அந்தப் பக்கத்துச் சுவரையே
விரலால் இடிக்க ஆரம்பித்தாய்.

'நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்ப?'
பழக்கதோசத்தில் கேட்டுவிட்டேன்.
வாய் நிறைய கேக்.
கைதான் ஆட்டினாய்,
இல்லை என்றா,
இன்னொரு துண்டு என்றா.