முந்நூறு நொடி

சோமனூர். பதினொன்றரை. சித்திரை வெயிலை
சிமெண்ட் கூரைமேல் முப்பத்தாறு பேனலும்
மூச்சுமுட்டக் குடித்துக்கொண்டிருக்கையில்
கரண்டு போனது.

இன்வெர்ட்டருக்குள் ரிலே
டக் என்றது.
பதினாறு தறியும் தேய்ந்து தேய்ந்து நின்றன.
இரைச்சல் இருந்த இடத்தில்
காது சித்தெ தடுமாறியது.

ராக்கியண்ணன் நேராக என்னிடம் வந்தார்.
"ஏனுங் துளசிமணி, சூரியன் போகலீங்களே?
பத்து லட்சம் கடன வாங்கி மாட்டுனது
கரண்டு இருக்கறப்ப கரண்டு குடுக்கறதுக்குங்களா?"

நியாயமான கோபம்.
திரையில் சிவப்பு எழுத்து: கிரிட் இல்லை.
நான் மூடியைக் கழற்றினேன்.
விசிறி வாயில் காடாத்துணிப் பஞ்சு,
ஒரு தலையணைக்கு ஆகும்.
மதியமானால் பாதி யூனிட்டுதான் தருகிறது என்று
போன மாதம் போனில் கத்தினாரே,
இதுதான். காய்ச்சலோடு வேலை செய்திருக்கிறது.

பஞ்சைப் பிடுங்கிக்கொண்டே சொன்னேன்:
கூரையிலிருந்து இறங்குவது பாவு மாதிரிங்க.
ஒரே போக்கு. திரும்பத் தெரியாது.
உங்க மோட்டார் கேட்பது நாடா மாதிரி
போய்வருகிற கரண்டு,
நொடிக்கு ஐம்பது தரம் போய், ஐம்பது தரம் வந்து.
நகத்தளவு சுவிட்சுகள் இதற்குள் உட்கார்ந்து
நொடிக்குப் பல்லாயிரம் தரம் நறுக்கி
நேரை வளைக்கின்றன.
ஆனால் தாளம் இதனுடையதில்லை.
ஈபி கம்பியில் காதை வைத்து
அந்த நடைக்கே தன் நடையைப் போடும்.
கம்பி ஊமையானால் இதுவும் ஊமை.

"அதாங்க, ஏன்?"

வெளியே கூட்டிப் போனேன்.
கிளுவை வேலிக்கு அக்கட்டாலே
டிரான்ஸ்பார்மர் கம்பத்தில், பெல்ட்டில் சாய்ந்து, மாரப்பன்.
லைன்மேன். ராக்கியண்ணனுக்குப் பங்காளி.
கிணற்றுத் தண்ணி முறையில்
பதினொரு வருசமாகப் பேச்சில்லாத பங்காளி.
கம்பியில் கருகித் தொங்கிய மயிலை
ஒரு கோலால் நெம்பிக்கொண்டிருந்தார்.
தோகை பாதி எரிந்திருந்தது.

"அவர் சுவிட்சை இறக்கிவிட்டு ஏறியிருக்கார்.
நம்ம கூரை மட்டும் ஓடியிருந்தா
இந்தக் கம்பி வழியா அவர் கைக்குப் போயிருக்குமுங்க."

ராக்கியண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.
வெகுநேரம் கழித்து, என்னைப் பார்க்காமல்,
"கையுறையாச்சும் போட்டிருக்கானா?"
"போட்டிருக்காருங்க. ஒரு கையில."

என் வீட்டில் இருப்பது வேறு ஜாதிப் பெட்டி.
பேட்டரி உண்டு. கரண்டு போனால்
முதல் வேலையாக ஈபி கம்பியை விட்டு விலகிக்கொண்டு
தனியாக ஓடும்: ரெண்டு ஃபேன், நாலு லைட்,
பையனுக்கு மூச்சு வாங்கும் ராத்திரிகளில் அவன் நெபுலைசர்.
தனியாக ஓடத் தனிச் செலவு.
பதினாறு தறிக்கு அது என்ன விலை என்று
அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பன்னிரண்டே காலுக்குக் கரண்டு வந்தது.
தறிகள் உடனே பாய்ந்தன.
பெட்டி பாயவில்லை. திரையில் முந்நூறு.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

"இன்னும் எதுக்கு எண்ணுதுங்?"
தறிச் சத்தத்தில் அவர் காதோரம் கத்தினேன்:
"வந்தது நிக்குமான்னு பார்க்குதுங்க."

நூற்றுப் பதினேழில்
மாரப்பன் சாக்கு மூட்டையோடு
மொபெட்டை எங்கள் கேட்டருகில் நிறுத்தினார்.
கூரையை அண்ணாந்து பார்த்தார்.
ராக்கியண்ணன் போனார், பாதியில் நின்றார், போனார்.
ஒருவர் உதடு அசைந்தது. யாருடையது என்று
இங்கிருந்து தெரியவில்லை.
பதினாறு தறியும் ஒன்றாக அடிக்கும் ஷெட்டில்
ஒரு சொல்லும் என்வரை வராது.

நான் பில் எழுதினேன். விசிறி சுத்தம், நானூறு.
வாரம் ஒருக்கா பஞ்சு எடுக்கவும் என்று கீழே.

நிமிர்ந்தபோது பச்சை விளக்கு.
டக் எப்போது விழுந்ததென்று
கேட்கவேயில்லை.